எந்தக் கல்லூரி?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார் என்றால், மதுரைப் பட்டணத்தில் அடுத்த திருவிழா தொடங்கிவிடுகிறது. இதற்குக் கொடியேற்றமும் கிடையாது, தேரும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியான நாள் முதல் வீட்டுக்கு வீடு நடக்கிற திருவிழா இது. டீக்கடையிலும், ரேஷன் கடை வரிசையிலும், மீனாட்சியம்மன் கோவில் ஆடி வீதியிலும்கூட ஒரே பேச்சுத்தான்: “உங்க பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?”

ஒரு கல்லூரியிலும் இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டில் துக்கம் இருக்கிறது. ஒரு கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டில் சந்தோஷம் இருக்கிறது. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டதோ, அந்த வீட்டில் தூக்கமே இல்லை! பெரியப்பா ஒன்றைச் சொல்கிறார். மாமா மற்றொன்றைச் சொல்கிறார். எதிர்வீட்டுக்காரர் இரண்டுமே சரியில்லை என்கிறார். படிக்கப் போகிற பிள்ளை மட்டும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

நான் கதை எழுதுகிறவன். கதையில் ஒருவனுக்கு இரண்டு வழிகள் குறுக்கிட்டால், அவன் எந்த வழியில் போனான் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அந்தத் தீர்மானத்தைச் செய்தது யார் என்பதுதான் முக்கியம். அவனா, அவன் தகப்பனாரா, கையில் இருந்த பணமா, ஊரில் ஓடிய பஸ்ஸா? இந்தக் கண்ணோடு மதுரைக் கல்லூரிகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே கண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. அதன் பி.ஏ. பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர்கள் இருவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? தஞ்சாவூரா, மதுரையா? இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் யாழ்ப்பாணம். சங்கம் வளர்த்த மதுரை இருக்க, யாழ்ப்பாணத்துக்கு முதல் இடம் போனது எப்படி? காரணம் எளியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் 1823-ஆம் வருஷமே ஒரு செமினரியை ஏற்படுத்திவிட்டார்கள். அந்த இருவரும் அங்கே படித்தவர்கள். அருகில் ஒரு கல்விக்கூடம் இருந்தது, ஆகையால் படித்தார்கள். மதுரைப் பையனுக்கு மூளை குறைவு இல்லை. நடந்து போகும் தூரத்தில் கல்லூரி இல்லை, அவ்வளவுதான்.

ரயில் மதுரைக்கு வந்ததே 1875-இல்தான். அதற்கு முன்னால் உயர்ந்த படிப்பு வேண்டுமென்றால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போக வேண்டும். ரயில் வந்த பிறகும் பி.ஏ. படிக்கச் சென்னை, திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களுக்குத்தான். நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. மகனை அவ்வளவு தூரம் அனுப்பி, சாப்பாட்டுக்கும் ஜாகைக்கும் பணம் கட்டக் கூடிய குடும்பங்கள் எத்தனை? வக்கீல் வீடு, மிராசுதார் வீடு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு “எந்தக் கல்லூரி?” என்ற கேள்வியே எழவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்த அதே அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரைக்கு வந்து வேரூன்றியது. ஊருக்குத் தென்மேற்கே பசுமலையில் 1881-இல் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் பின்னாளில் அமெரிக்கன் கல்லூரி ஆயிற்று. தொடக்கத்தில் அது இரண்டாம் தரக் கல்லூரி. இரண்டாம் தரம் என்றால் மட்டம் என்று பொருள் அல்ல. எஃப்.ஏ. என்ற இரண்டு வருஷப் படிப்போடு நிற்கும் கல்லூரிக்கு அந்நாளில் அப்படிப் பெயர். மேற்கொண்டு பி.ஏ. என்றால் பழையபடி ரயில் ஏற வேண்டியதுதான்.

அடுத்து 1889-இல் மதுரைக் கல்லூரி பிறந்தது. அதே வருஷத்தில்தான் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலமும் திறக்கப்பட்டது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் சம்பந்தம் இல்லையென்றாலும், எழுத்தாளன் கண்ணுக்கு அந்தப் பொருத்தம் படாமல் போகாது. மதுரைப் பையனுக்கு முதன்முதலாக இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று பாதிரிமார் நடத்துவது. பைபிள் வகுப்பு உண்டு. மற்றொன்று நம்மவர் நடத்துவது. அந்தக் கல்லூரிக் குடும்பத்தைச் சேர்ந்த சேதுபதி உயர்நிலைப் பள்ளியில்தான் 1904-இல் சுப்பிரமணிய பாரதி சில மாதம் தமிழாசிரியராக வேலை பார்த்தார்.

அதே 1904-இல் அமெரிக்கன் கல்லூரி பசுமலையை விட்டுப் பட்டணத்துக்கு வந்தது. சில வருஷங்களில் வைகைக்கு வடகரையில் அதற்குச் சிவப்புக் கட்டடங்கள் எழுந்தன. மைசூர் அரண்மனைக்கு வரைபடம் தயாரித்த ஹென்றி இர்வின் என்பவரே அதன் பிரதானக் கட்டடத்துக்கும் வரைபடம் தந்தார். வடக்கே ஆற்றங்கரையில் ஒன்று, தெற்கே ரயில் பாதையை ஒட்டி ஒன்று. நடுவில் பழைய பட்டணம். வீடு எந்தப் பக்கம் இருக்கிறது, வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பையன் வடக்கே நடந்தான், அல்லது தெற்கே நடந்தான். தேர்வு என்று ஒன்று வந்துவிட்டது. ஆனால் அதைச் செய்தவன் படிக்கிற பையன் அல்ல.

சரி, தேர்ந்தெடுத்த கல்லூரிதான் ஒருவனுடைய வாழ்வை நிர்ணயிக்கிறதா? 1930-களில் அமெரிக்கன் கல்லூரியின் வாசலுக்குள் நுழைந்த இரண்டு இளைஞர்களைப் பார்ப்போம்.

ஒருவர் அயன் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918-இல் பிறந்த வெங்கடசாமி. அந்த ஊரில் வைத்தியர் இல்லை. பிரசவத்தின்போது உறவுப் பெண்கள் மடிந்ததைக் கண்டு டாக்டராக வேண்டும் என்று எண்ணியவர். மதுரையில் அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது. அது 1954-இல்தான் வந்தது. ஆகவே அமெரிக்கன் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1944-இல் டாக்டரானார். பிறகு மூட்டு வாதம் அவர் விரல்களை முறுக்கிப் போட்டது. பிரசவ வைத்தியம் பார்க்கும் ஆசை போயிற்று. கண் வைத்தியம் கற்றார். வளைந்த விரல்களாலேயே கத்தி பிடித்து ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஒளி கொடுத்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி.

மற்றவர் என். சங்கரய்யா. சரித்திர மாணவர், மாணவர் சங்கத்தில் முன் நின்றவர். 1941-இல் பி.ஏ. இறுதிப் பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கும்போது வெள்ளைக்காரச் சர்க்கார் அவரைக் கைது செய்தது. சக மாணவர்கள் பரீட்சை எழுதினார்கள். அவர் சிறையில் இருந்தார். பட்டம் வாங்கவே இல்லை. கம்யூனிஸ்டுத் தலைவராக, சட்டமன்ற உறுப்பினராக நூறு வயதையும் தாண்டி வாழ்ந்தார். அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளிக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2023-இல் தீர்மானித்தது. கவர்னரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த வருஷம் நவம்பரில் அவர் காலமானார். முதல் பட்டம் போலவே கடைசிப் பட்டமும் கைக்கு வரவில்லை.

ஒரே வாசல், ஒரே மரத்தடி. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒருவர் சிறைக்குப் போனார். பட்டம் பெற்றவரையும், பட்டம் பெறாதவரையும் நாடு மறக்கவில்லை. கல்லூரி ஒரு மனிதனுக்கு எவ்வளவோ கொடுக்கிறது. ஆனால் அவன் எதற்காக உள்ளே வந்தான் என்பதை அவனேதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இதுவரை பையன்களின் கதை. பெண்களின் கதை வேறு.

நாடு சுதந்திரம் அடைந்த நாளில் மதுரையில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கிடையாது. பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி இருந்தது. திருச்சியில் ஹோலி கிராஸ் இருந்தது. சென்னையில் ராணி மேரிக் கல்லூரி 1914-லும், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915-லும் தோன்றியிருந்தன. பையனையே அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கிய குடும்பங்கள் பெண்ணை அனுப்பியிருக்குமா?

அனுப்பிய ஒரு குடும்பம் உண்டு. மதுரையில் மோட்டார்த் தொழிலை வளர்த்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதில் கல்யாணம், கணவர் டாக்டர். அவர் இளமையிலேயே இறந்து போனார். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அந்நாளில் வீட்டின் பின்கட்டுத்தான் உலகம். சௌந்தரம் பின்கட்டில் உட்காரவில்லை. புத்தகத்தை எடுத்தார். டில்லிக்கு ரயில் ஏறி, பெண்களுக்கென்றே ஏற்பட்ட லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-இல் டாக்டராகத் திரும்பினார். 1940-இல் ஜி. ராமச்சந்திரன் அவர்களை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் சேர்ந்து, மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை அமைத்தார்கள். அங்கே 1956-இல் எழுந்த கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்ப் படித்தவர், சுற்றுப்புறத்துக் கிராமப் பெண்கள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் ஒரு கல்லூரியைக் கொண்டுவந்து வைத்தார். தாம் பட்ட தூரத்தை மற்றவர்கள் படக் கூடாது என்று எண்ணியவர்களால்தான் ஊருக்கு ஊர் கல்லூரிகள் வந்தன.

கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்க அம்மையாரும் அப்படிப்பட்டவர். மதுரை கேப்ரன் ஹால் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர் அவர். பள்ளிப் படிப்பை முடித்த பெண்களுக்கு அடுத்த படி இந்த ஊரிலேயே இல்லை என்பது அவர் கண் முன்னால் நடந்த விஷயம். 1948-இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். ஐந்து வருஷம் கழித்து, 1953-இல், கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளின் பாத்திமா கல்லூரி வந்தது. அரசாங்கம் 1965-இல் மீனாட்சி கல்லூரியைத் திறந்தது. மதுரைப் பெண்ணுக்கும் “எந்தக் கல்லூரி?” என்ற கேள்வி பிறந்துவிட்டது. தகப்பனார்கள் அந்தக் கேள்விக்கு விடை தேடிய விதம் தனி ரகம். எந்தப் பாடம் நன்றாக நடக்கிறது என்பதைவிட, மதில் எவ்வளவு உயரம், பஸ் எங்கே நிற்கிறது, சாயங்காலம் எத்தனை மணிக்குப் பெண் வீடு திரும்புவாள் என்ற விவரங்களே அவர்களுக்கு வேண்டியிருந்தன!

அந்தப் பத்துப் பதினைந்து வருஷ காலத்தை மதுரையின் கல்லூரி யுகம் என்றே சொல்லலாம். 1949-இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கரையில் தியாகராசர் கல்லூரியை நிறுவினார். பஞ்சாலையில் சம்பாதித்தவர் தமிழுக்குச் செலவிட்டார். ஔவை துரைசாமிப் பிள்ளை, இலக்குவனார் போன்ற புலவர்கள் அங்கே பாடம் சொன்னார்கள். 1957-இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரியும் அவராலேயே வந்தது. 1966-இல் மதுரைக்குச் சொந்தமாகப் பல்கலைக்கழகமே கிடைத்தது. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார்.

கல்லூரிகள் பெருகின. ஆனால் உள்ளே நுழைவது எப்படி? பழைய முறை எல்லாருக்கும் தெரிந்தது. பிரின்ஸிபால் அறைக்கு வெளியே தகப்பனார்கள் காத்து நிற்பார்கள். கையில் ஒரு பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம் இருக்கும். சிபாரிசு செய்ய ஆள் இல்லாதவன் என்ன செய்வான்? தொழிற்கல்வி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் உத்தரவு சென்னை ராஜ்யத்தில் இருந்தது. பதினான்கு இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. அதே வருஷத்தில் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்க வழி செய்யப்பட்டது. கல்லூரி இடம் என்பது ஒரு தேசத்தின் சட்டத்தையே அசைக்கக் கூடிய பொருள் என்று அப்போது தெரிந்தது.

பிறகு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 1997 முதல் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வந்தது. மதுரைக் குடும்பங்கள் இரவு வண்டியில் சென்னைக்குப் போய் இறங்கின. பெரிய திரையில் கல்லூரிகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மிச்சமிருக்கும் இடங்களின் எண்ணிக்கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும். சில நிமிஷங்களில் முடிவு சொல்லிவிட வேண்டும். சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே வேலை இல்லை. மேலூர் விவசாயியின் பிள்ளையும் மாசி வீதி வியாபாரியின் பிள்ளையும் மதிப்பெண் வரிசைப்படி ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியது. மருத்துவத்துக்கு 2017-இல் நீட் தேர்வு வந்தது. பொறியியல் கவுன்சலிங் 2018 முதல் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

அப்படியானால் பிள்ளையின் கைக்குத் தேர்வு வந்துவிட்டதா? உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர்க் கடையில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன்.

ஒரு பெண், அவள் தகப்பனார், கம்ப்யூட்டர் முன்னால் கடைக்காரப் பையன். விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மதுரைக்கு அருகில் ஒரு கல்லூரி. சென்னையில் ஒரு கல்லூரி. இரண்டுமே அவள் மதிப்பெண்ணுக்கு எட்டும் போலிருந்தது.

“பக்கத்துல உள்ளத மொதல்ல போடு தம்பி, மெட்ராஸ ரெண்டாவதா போடு” என்றார் தகப்பனார்.

“மொதல்ல போட்டது கெடச்சிட்டா ரெண்டாவதுக்குப் போகாதுண்ணே” என்றான் கடைக்காரப் பையன்.

“யப்பா, மெட்ராஸ மொதல்ல போடச் சொல்லுப்பா” என்றாள் பெண். மெல்லிய குரல்தான்.

“இருத்தா” என்றவர், ஹாஸ்டலுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கடைக்காரனிடம் விசாரித்தார். விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு மகளிடம், “வீட்டு நெனப்பு வந்தா என்னத்தா செய்வ?” என்று கேட்டார்.

“வந்தா வரட்டும்ப்பா.”

தகப்பனார் கடைக்காரன் பக்கம் திரும்பி, “அவ சொல்றதயே போடு” என்றார்.

நூற்றைம்பது வருஷச் சரித்திரம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றியது. பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது, ரயில் வேண்டியிருந்தது, பாதிரிமாரும் பஞ்சாலை முதலாளியும் வேண்டியிருந்தார்கள், டில்லிக்குப் போன ஒரு விதவைப் பெண் வேண்டியிருந்தாள், கோர்ட் தீர்ப்பும் சட்டத் திருத்தமும் வேண்டியிருந்தன. இத்தனைக்கும் பிறகு கடைசி அடியை ஒரு தகப்பனார்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அரசாங்கத்தால் அந்த அடியை எடுத்து வைக்க முடியாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-இல் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால் “அவ சொல்றதயே போடு” என்ற வார்த்தையை எந்தத் திட்டமும் கொண்டுவந்து தராது.

தூரத்துக் கல்லூரிதான் உயர்ந்தது என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்து, வீட்டுக்கு முதல் பட்டதாரியானவர்களுக்கு அருகில் இருந்த கல்லூரிதான் கை கொடுத்தது. அது இல்லாவிட்டால் அவர்களுக்கு எதுவும் இல்லை. வட்டுக்கோட்டைக் கதை சொல்வதும் அதைத்தான். பக்கத்தில் கல்லூரி இருப்பது பெரிய வரம். பக்கத்திலேயே இரு என்று பிள்ளையைக் கட்டிப் போடுவது வேறு.

ஆகவே, இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துத் தூக்கம் இழந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டணத்தை விசாரியுங்கள், ஆசிரியர்களைப் பற்றி விசாரியுங்கள், ஹாஸ்டல் சாப்பாட்டைக்கூட ஒரு நாள் போய் ருசி பாருங்கள். பெரியப்பாவையும் மாமாவையும் கேட்பதில் தவறில்லை. எல்லாரையும் கேட்டு முடித்த பிறகு, பேசாமல் உட்கார்ந்திருக்கிறதே அந்தப் பிள்ளை, அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.